பிளைவுட்டா, எஃகுக் குழாயா? போர்க்காலத்தில் கிளைடர் செய்யும் வேலையை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும்

எஞ்சின் கிடையாது; வேறொரு விமானம் கயிற்றில் கட்டி இழுத்துப் போய் அவிழ்த்துவிட வேண்டும். அநேகமாக ஒரே ஒரு போர்ப் பயணம்தான். முப்பது வீரர்களோ, ஒரு ஜீப்போ, ஒரு சிறு பீரங்கியோ உள்ளே ஏற வேண்டும். இருட்டில் முன்பின் பார்த்திராத வயலில் இறங்கிய பிறகு ஆட்கள் உயிரோடு வெளியே வர வேண்டும். இப்படிப்பட்ட கிளைடர்களை ஆயிரக்கணக்கில், இரண்டே வருடத்துக்குள் செய்து கொடு என்று அரசாங்கம் கேட்டால், எதில் செய்வது? யாரிடம் செய்யச் சொல்வது? இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்ட நாடுகள் இதற்கு ஆளுக்கொரு விடை எழுதின. விடைத்தாள்கள் எல்லாம் இப்போது நம் கையில் இருப்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அலுமினியம் கிடைக்கவில்லை, மரம் மலிவு, அதனால் மரத்தில் செய்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. விமானத்துக்கு ஏற்ற மரம் எந்தக் காலத்திலும் மலிவாகக் கிடைத்ததில்லை. மலிவாகக் கிடைத்தது மரம் அறியும் கைதான். போரில் அலமாரியும் கட்டிலும் வாங்க ஆளில்லாததால் அந்தத் தொழிற்சாலைகளில் தச்சர்களும் இயந்திரங்களும் சும்மா இருந்தன. கிளைடர் விஷயத்தில் நல்ல முடிவு எடுத்தவர்கள் பொருளைவிட இந்தக் கைகளைப் பற்றித்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

தொடங்கி வைத்தது ஜெர்மனி. 1940 மே 10 அன்று பெல்ஜியத்தின் எபன்-எமாயல் கோட்டையின் கூரை மேலேயே ஒன்பது கிளைடர்கள் வந்து இறங்கின. அவை டிஎஃப்எஸ் 230 வகை: எஃகுக் குழாய்ச் சட்டம், அதன் மேல் துணி, இறக்கைகள் மட்டும் மரம். பைலட்டோடு சேர்த்துப் பத்துப் பேர் போகலாம். அசைக்க முடியாதது என்று பெயர் வாங்கிய கோட்டை, நூறு பேர்கூட இல்லாத படையிடம் மறுநாளே சரணடைந்தது. அதற்கு அடுத்த மாதம் சர்ச்சில் ஐயாயிரம் பேர் கொண்ட பாராசூட் படை வேண்டும் என்று எழுதினார். பாராசூட்டில் குதிப்பவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு குதிக்கலாம், பீரங்கியைத் தூக்க முடியாது. கிளைடரின் தேவை அங்கிருந்து பிறந்தது.

முதல் வழி: முழுக்க மரம், பலர் கையில்

பிரிட்டனில் முதலில் வந்த ஹாட்ஸ்பர் மரத்தில்தான் செய்யப்பட்டது. 1940 நவம்பரிலேயே பறந்துவிட்டது. ஆயிரத்துக்கு மேல் செய்தார்கள். ஆனால் இரண்டு பைலட்டுகளைச் சேர்த்து எட்டுப் பேர்தான் ஏற முடியும். வெகு தூரத்தில் அவிழ்த்துவிட்டால் சத்தமில்லாமல் மிதந்து போய் இறங்கும் என்று நினைத்து வடிவமைத்தார்கள். பிறகு இலக்குக்குப் பக்கத்தில்தான் அவிழ்க்கப் போகிறோம் என்று முடிவானதும் அந்த மிதக்கும் திறமைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஹாட்ஸ்பர் கடைசிவரை பயிற்சிக்கே பயன்பட்டது.

அடுத்து வந்தது ஹோர்சா. 1940 இறுதியில் அமைச்சகம் தேவைப்பட்டியல் கொடுத்தது. 1941 செப்டம்பர் 12 அன்று முதல் ஹோர்சா விட்லி விமானம் இழுக்க மேலே ஏறியது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. வடிவமைத்தவர் ஏர்ஸ்பீட் நிறுவனத்தின் ஹெஸ்ஸல் டில்ட்மன். இறக்கையின் அகலம் சுமார் 27 மீட்டர், நீளம் 20 மீட்டர். காலி எடை ஏறத்தாழ 3,800 கிலோ. அதைவிடச் சற்றுக் குறைந்த சுமையோடு எழும்பும். முப்பது பேர்வரை உட்காரலாம், அல்லது ஒரு ஜீப்பும் ஒரு பீரங்கியும் போகும். உடல் முழுக்க மர வளையங்கள், அவற்றின் மேல் பிளைவுட் தோல்.

இதில் நான் மிகவும் ரசிப்பது வடிவத்தைத் துண்டு போட்ட விதம். உடலே மூன்று பகுதி, போல்ட் போட்டு இணைப்பது. மொத்தம் முப்பது சொச்சம் பகுதிகளாக, தனித்தனிப் பட்டறைகளில் தனித்தனியாகச் செய்யக்கூடிய அளவில் பிரித்தார்கள். இலண்டனின் டாட்டன்ஹாமில் இருந்த ஹாரிஸ் லீபஸ் என்ற பெரிய மரச்சாமான் நிறுவனம் இப்படிப்பட்ட பட்டறைகளின் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கியது. லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் கார் கம்பெனியும் செய்தது. கட்டில் செய்த பட்டறைக்கு ஓடுபாதை தேவைப்படவில்லை, விமானம் ஓட்டிச் சோதிக்கும் ஆளும் தேவைப்படவில்லை. அவர்கள் செய்த பகுதிகள் லாரியில் ஏறி விமானப்படையின் பராமரிப்பு நிலையங்களுக்குப் போயின. அங்கே விமானம் தெரிந்தவர்கள் பூட்டினார்கள். தச்சனிடம் தச்சு வேலையை மட்டுமே கேட்டார்கள். இப்படி 3,600-க்கும் மேற்பட்ட ஹோர்சாக்கள் வந்தன.

தச்சு வேலை மட்டும் என்றாலும் அது வீட்டுக் கதவு செய்யும் தச்சு அன்று. இறக்கையின் முதுகெலும்பாக நீளவாட்டில் ஓடும் உத்திரத்துக்கு ஸ்ப்ரூஸ் மரம் வேண்டும். அதுவும் பதினைந்து அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நார் சாய்ந்திருக்கக் கூடாது என்பது விமானத் தொழிலின் கணக்கு. கணு, பிசின் பை, சுழல் எதுவும் இருந்தால் பலகை கழிவுக்குப் போகும். மரத்தின் ஈரப்பதம் அளவோடு இருக்க வேண்டும்; கூடினால் பசை பிடிக்காது, குறைந்தால் பசையின் நீரை மரமே குடித்துவிடும். இழைத்த பரப்பில் பசை தடவி, பலகைகளை அடுக்கி, கிளாம்ப் வரிசையாக முறுக்கி, ஓரத்தில் எங்கும் சீராகப் பசை பிதுங்கி வருகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் பிதுங்கவில்லை என்றால் அங்கே உள்ளே வெற்றிடம் இருக்கிறது. காய்ந்த பிறகு அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் வழி இல்லை. மரத்தால் விமானம் செய்வதில் ஆபத்து அத்தனையும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இரண்டாம் வழி: எஃகுச் சட்டம், மர இறக்கை, பதினாறு ஒப்பந்ததாரர்கள்

அமெரிக்காவின் வாக்கோ சிஜி-4ஏ ஜெர்மானிய வழியில் போனது. உடலுக்குப் பற்றவைத்த எஃகுக் குழாய், மேலே துணி. ஆனால் இருபத்தைந்து மீட்டர் இறக்கை முழுவதும் மரம். தரை தேன்கூடு போல அறை அறையாக அமைத்த பிளைவுட். ஆகவே இதை உலோக கிளைடர் என்பது சரியில்லை. காலி எடை 1,800 கிலோவுக்குள். பைலட்டுகள் இருவர் போக 13 பேர். ஜீப் ஏற்றினால் அதன் ஆட்கள் சிலரைத் தவிர வேறெதற்கும் அதிகம் இடம் இல்லை.

பதினாறு நிறுவனங்களிடம் ஒப்பந்தம் கொடுத்துக் கிட்டத்தட்ட 13,900 கிளைடர்கள் வாங்கினார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் ஹோர்சா பக்கத்தில்கூட வர முடியாது. உள்ளே புகுந்து பார்த்தால் கதை வேறு. மிச்சிகனின் கிங்ஸ்ஃபோர்டில் ஃபோர்டு கம்பெனி மட்டும் நாலாயிரத்துக்கு மேல் செய்தது, ஒன்று சுமார் 15,000 டாலருக்கு. இண்டியானாவில் நேஷனல் ஏர்கிராஃப்ட் என்ற நிறுவனம் மொத்தம் ஒரே ஒரு கிளைடர் கொடுத்தது. அரசுக்கு ஆன செலவு 17 லட்சம் டாலருக்கு மேல். ஆர்க்கன்சாவின் வார்டு மரச்சாமான் நிறுவனம் ஏழோடு நின்றது.

மரச்சாமான் தெரிந்த லீபஸ் வெற்றி பெற்றது, மரச்சாமான் தெரிந்த வார்டு தோற்றது. ஏன்? என் கணிப்பு இது: வார்டு போன்றவர்களிடம் முழு கிளைடரையும் செய்து முடித்துக் கொடு என்று கேட்டார்கள். அந்த கிளைடருக்கு எழுபதாயிரத்துக்கும் மேல் உதிரிப் பாகங்கள். குழாய் பற்றவைப்பு, இரும்பு வேலை, துணி, வார்னிஷ், பறக்கும் சோதனை எல்லாம் ஒரே கூரைக்குள் வர வேண்டும், அல்லது வெளியே கேட்டு வாங்க வேண்டும். ஃபோர்டுக்கு அது பெரிய விஷயம் இல்லை. கிங்ஸ்ஃபோர்டில் ஏற்கெனவே மர உடல் கொண்ட ஸ்டேஷன் வேகன் கார்களைச் செய்துகொண்டிருந்தார்கள். சொந்தக் காடு, சொந்த மர ஆலை, மரம் உலர்த்தும் சூளை எல்லாம் இருந்தன. மிஞ்சிய மரத்தைக் கரிக்கட்டியாக்கி விற்கும் தொழில்கூட அங்கே நடந்தது. கிங்ஸ்ஃபோர்டு கரி அமெரிக்கக் கடைகளில் இன்றும் விற்கிறது. பசையைச் சூடேற்றி உலர்த்தி மணிக்கணக்கை நிமிடக்கணக்காக்கியதும் அவர்கள்தான். துணை வேலைக்கு அமர்த்தியபோது இசைக்கருவிக்காரர்களும் நன்றாகவே செய்தார்கள்: பியானோவுக்குப் பேர்போன ஸ்டைன்வே இந்த கிளைடருக்குப் பாகங்கள் செய்து கொடுத்தது. அங்கும் கேட்டது பாகம்தான், முழு விமானம் அன்று.

எஃகு என்றால் நம்பலாம் என்று நினைப்பவர்கள் 1943 ஆகஸ்டு 1 அன்று செயின்ட் லூயிஸில் நடந்ததைப் படிக்க வேண்டும். உள்ளூரில் செய்த கிளைடரைப் பொதுமக்கள் முன்னால் பறக்கவிட்டுக் காட்டினார்கள். மேயர் வில்லியம் டீ பெக்கரும் கிளைடர் கம்பெனியின் தலைவரும் உள்ளே இருந்தார்கள். இழுத்த விமானத்திலிருந்து விடுபட்ட சிறிது நேரத்தில் வலது இறக்கை தனியே கழன்றது. பத்துப் பேரும் இறந்தார்கள். மரம் உடையவில்லை, பசை விடவில்லை. இறக்கையைத் தாங்கும் முட்டுக்கம்பியின் நுனியில் ஓர் எஃகுப் பொருத்து இருந்தது. துணை ஒப்பந்ததாரர் அதைக் கடைந்தபோது சுவர் இருக்க வேண்டிய தடிமனைவிட மெல்லியதாகிவிட்டது. கையில் அடங்கும் துண்டு. பரிசோதனையில் யாரும் பிடிக்கவில்லை. மரமா எஃகா என்ற விவாதத்துக்கு இதைவிடக் கசப்பான சாட்சி தேவையில்லை.

மரம் எங்கே முறிந்தது

மரத்துக்கு எல்லை உண்டு என்று காட்டியதும் ஜெர்மனிதான். 1940 இலையுதிர் காலத்தில், இங்கிலாந்து மீது படையெடுக்கும் எண்ணத்தோடு, டாங்கியையே சுமக்கும் ராட்சத கிளைடர் கேட்டார்கள். ஒரே தேவை, இரண்டு நிறுவனங்கள். மெஸ்ஸர்ஷ்மிட் எஃகுக் குழாயில் செய்யலாம். யுங்கர்ஸ் முழுக்க மரத்தில் செய்ய வேண்டும். எஃகு போதாது என்பதால் இந்தப் பங்கீடு. யுங்கர்ஸ் தொடக்கத்திலிருந்தே உலோக விமானத்துக்குப் பேர்போன நிறுவனம். மர வேலை அவர்களுக்குப் பழக்கமே இல்லை. அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டியதுதான் முதல் கோளாறு.

யுங்கர்ஸின் யூ 322-க்கு 62 மீட்டர் இறக்கை. ஏற்றிப் பார்க்கும் சோதனையில் டாங்கி தரையைப் பிளந்துகொண்டு கீழே போனது. தரையை வலுப்படுத்தினார்கள், அந்த எடையே சுமையைத் தின்றது. இருபது டன் தூக்கும் என்றது கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. 1941 ஏப்ரலில் முதல் முறை பறந்தபோது இழுத்துப் போன விமானத்தின் வாலை மேலே தூக்கி, அதையே கவிழ்க்கப் பார்த்தது. அவிழ்த்துவிட்டு எங்கோ வயலில் இறங்கினார்கள். மே மாதம் திட்டம் நிறுத்தப்பட்டது. பாதி செய்து வைத்திருந்தவை எரிபொருளுக்காக அறுக்கப்பட்டன. மெஸ்ஸர்ஷ்மிட்டின் மீ 321 நூற்றுக்கணக்கில் படைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அதை இழுக்க மூன்று போர் விமானங்களை ஒன்றாகக் கட்ட வேண்டியிருந்தது. அதுவும் பெரிய புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன்.

இதை வைத்து மரத்தில் பெரிதாகச் செய்ய முடியாது என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் ஹாமில்கார் முழுக்க மரம். இறக்கை 33 மீட்டருக்கு மேல். ஏழு டன் டெட்ரார்க் டாங்கியை ஏற்றிக்கொண்டு 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கியது. செய்தவர்களில் பர்மிங்ஹாம் ரயில் பெட்டிக் கம்பெனியும் உண்டு. டாங்கி எவ்வளவு எடை என்பதை முதலிலேயே முடிவு செய்து, அதைச் சுற்றி கிளைடரை வரைந்தார்கள். முழு அளவுக்குப் போவதற்கு முன் பாதி அளவில் ஒன்று செய்து பார்த்தார்கள். யுங்கர்ஸுக்கு அந்த அவகாசத்தை யாரும் கொடுக்கவில்லை.

தரையில் இறங்கும்போது

செய்வது ஒரு கணக்கு, இறங்குவது வேறு கணக்கு. ஹோர்சாவின் இறக்கையில் கதவு போன்ற மாபெரும் மடிப்புகள் இருந்தன. அழுத்தக் காற்றில் இறங்கும் அவற்றை விரித்தால் செங்குத்தாகக் கீழே வந்து சிறிய வயலிலும் நிற்க முடியும். 1944 ஜூன் 6 நள்ளிரவுக்குச் சற்றுப் பிறகு ஜிம் வால்வர்க் ஓட்டிய ஹோர்சா கான் கால்வாய்ப் பாலத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் வந்து நின்றது. நின்ற வேகத்தில் இரண்டு பைலட்டுகளும் முன் கண்ணாடி வழியாக வெளியே எறியப்பட்டார்கள். உயிர் தப்பினார்கள். பிளைவுட் உடைந்தால் சிராய்களாகத் தெறிக்கும். நார்மண்டியில் ஹோர்சாக்களில் போன அமெரிக்கர்கள் இதைக் கண்டு வெறுத்தார்கள். வாக்கோவின் குழாய்க்கூடு வளைந்தாலும் உள்ளே இருப்பவரைச் சுற்றி நிற்கும். ஆட்களுக்கு எது பாதுகாப்பு என்று மட்டும் கேட்டால் என் ஓட்டு எஃகுக்குத்தான். ஆனால் எஃகும் உத்தரவாதம் இல்லை: அதே காலையில் அமெரிக்க ஜெனரல் டான் பிராட் வாக்கோவில்தான் இறந்தார்.

சரக்கு இறக்குவதிலும் வாக்கோ முன்னால் நின்றது. மூக்கு மேலே தூக்கும். ஜீப்பிலிருந்து ஒரு வடம் ஓட, ஜீப் முன்னே நகரும்போதே மூக்கு தானாகத் திறக்கும். முதல் வகை ஹோர்சாவில் வாலைக் கழற்ற வேண்டும். மோதி இறங்கிய கிளைடரில் போல்ட் அவ்வளவு எளிதில் கழலுமா? அடுத்த வகையில் மூக்கைக் கீல் வைத்துத் திறக்கும்படி மாற்றினார்கள்.

கப்பலில் அனுப்புவதிலும் எஃகுச் சட்டம் வென்றது. 1943 சிசிலிப் படையெடுப்புக்கு வாக்கோக்கள் பெட்டிகளில் வட ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் பைலட்டுகளே பூட்டினார்கள், காலிப் பெட்டிகளிலேயே படுத்தும் உறங்கினார்கள். ஹோர்சாக்களையோ ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து மொராக்கோ வரை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் கடல் மேலே இழுத்துப் போக வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது இழுக்கும் விமானம். டகோட்டா என்ற போக்குவரத்து விமானம் ஒன்று ஒரு ஹோர்சாவைத் திணறித் திணறி இழுக்கும். அல்லது இரண்டு வாக்கோக்களை இழுக்கும். இரண்டு வாக்கோ என்றால் 26 பேர், ஒரு ஹோர்சா என்றால் 28 பேர். காகிதத்தில் சமம். ஆனால் இரட்டைக் கயிறு மலை தாண்டும்போது என்ன செய்யும் என்று 1944 மார்ச் 5 இரவு தெரிந்தது. அஸ்ஸாமின் லாலாகாட்டிலிருந்து ஜப்பானியரின் பின்புறத்தில் போரிட்ட சிண்டிட் படையோடு பர்மாவுக்குப் புறப்பட்ட வாக்கோக்களில் ஏறத்தாழ பாதிதான் பிராட்வே என்ற இறங்குதளத்தைச் சேர்ந்தன. அளவுக்கு மேல் ஏற்றியதால் கயிறுகள் அறுந்தன. மீதியை ஒவ்வொன்றாக இழுக்க உத்தரவிட்டார்கள்.

திரும்ப எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. பறக்கும் டகோட்டா கொக்கியால் தரையில் நிற்கும் வாக்கோவைக் கவ்வி மேலே தூக்கும் முறை இருந்தது. பர்மாவில் காயம்பட்டவர்களை அப்படி மீட்டார்கள். கனத்த ஹோர்சா இதற்கெல்லாம் ஆகாது. ஒரே முறைதான் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள் சோவியத்துகள்: பெலாரஸ் காடுகளில் இருந்த கொரில்லாக்களுக்குச் சரக்கு கொண்டு போன மர கிளைடர்கள் இறங்கியதும் பெரும்பாலும் கொளுத்தப்பட்டன. அந்த வேலைக்கு மரத்தை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

யாருக்கு எது

1940-இல் இலண்டனில் உட்கார்ந்திருந்தால் நான் ஹோர்சாவுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்: எஃகையும் அலுமினியத்தையும் போர் விமானங்கள் தின்கின்றன, மரச்சாமான் பட்டறைகள் ஊர் முழுக்கச் சும்மா கிடக்கின்றன, இலக்கு கடலுக்கு அந்தப் பக்கம்தான். 1942-இல் வாஷிங்டனில் என்றால் வாக்கோதான். கப்பல் ஏற வேண்டிய பொருள் அது. ஆனால் பதினாறு பேருக்குப் பதில் நாலைந்து பேரிடம் முழு கிளைடரைக் கேட்டு, மற்றவர்களிடம் இறக்கையும் வாலும் மட்டும் வாங்கியிருப்பேன்.

இந்தியாவுக்கும் இந்தக் கேள்வி வந்தது. விமானத்தில் போய் இறங்கிப் போரிடும் இந்தியத் தரைப்படைப் பிரிவுக்காக 400 ஹோர்சாக்களை இங்கேயே செய்ய விசாரித்தார்கள். தச்சர்களுக்கா பஞ்சம்? தேக்கும் இருந்தது. ஆனால் தேக்கு கனம். தேவைப்பட்ட விமான மரத்தை வெளியிலிருந்து கொண்டுவர ஆகும் செலவைப் பார்த்ததும் திட்டத்தைக் கைவிட்டார்கள். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பத்துப் பேர் ஏறக்கூடிய கிளைடர் ஒன்றைச் செய்தது. அதுவும் ஒன்றோடு நின்றது. இதைக் கைநழுவிய வாய்ப்பு என்று வருத்தப்பட எனக்குத் தோன்றவில்லை. 1944 இறுதியில் இந்தியாவிலும் பர்மாவிலும் மஸ்கிட்டோ என்ற மரப் போர் விமானங்கள் காற்றிலேயே பிளந்து, பசை இணைப்புகளைச் சோதிக்க அத்தனையும் தரையில் நிறுத்தப்பட்டன. நம் மழையிலும் வெயிலிலும் 400 ஹோர்சாக்கள் திறந்தவெளியில் ஒரு பருவம் நின்றிருந்தால் எத்தனை இறக்கை தேறியிருக்கும்? தேறியவற்றை இழுக்க வேண்டிய டகோட்டாக்கள் அப்போது இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு சுமந்துகொண்டிருந்தன.